சுருங்கும் பசையும் சுருங்காத பல்லும்

விருத்தாசலத்தில் கொலு பொம்மை வார்ப்பவர்களுக்குச் சுருக்கம் எதிரியாக இருப்பதில்லை, கூடவே நின்று வேலை செய்கிறது. பிளாஸ்டர் அச்சில் ஊற்றிய களிமண் கரைசலின் நீரை அச்சு உறிஞ்சிக்கொள்ள, மண் கொஞ்சம் சுருங்கி அச்சின் சுவரை விட்டு விலகும். அப்படி விலகுவதால்தான் பொம்மையின் மூக்கும் விரலும் உடையாமல் கையோடு வருகின்றன. காயும்போதும் சூளையில் வேகும்போதும் அது இன்னும் சுருங்கும். பீங்கானில் இந்தச் சுருக்கம் நீளவாக்கில் 10 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம் என்பதால், அச்சையே அதற்கேற்பப் பெரிதாக எடுத்துவிடுகிறார்கள். அதே ஊரில் ஒரு பல் மருத்துவர் சொத்தையைச் சுரண்டிய குழியில் பல் நிறப் பசையை வைத்து நீல விளக்கைக் காட்டும்போதும் சுருக்கம் நடக்கிறது. அளவு சிறிது, கொள்ளளவில் 2 முதல் 3 சதவீதம். ஆனால் இங்கே அச்சு என்பது பல்லேதான். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வழியில்லை. பசை சுவரை விட்டு விலகவும் கூடாது. விலகிய இடுக்கில் எச்சிலும் கிருமியும் இறங்கினால் அடைப்புக்கு அடியிலேயே அடுத்த சொத்தை தொடங்கும். கடந்த அறுபது ஆண்டுகளில் காம்போசிட் ரெசின் எனப்படும் இந்தப் பசைக்காகக் கண்டுபிடித்த உத்திகளில் பெரும்பாலானவை இந்த 2, 3 சதவீதத்தோடு நடத்திய மல்லுக்கட்டுதான். அந்த உத்திகளில் எது உசத்தி என்று மருத்துவர்கள் வாதாடட்டும். நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருப்பவருக்கு அதைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு இருக்கின்றன என்பது என் கட்சி: ஒட்டும் நேரத்தில் குழி எச்சில் படாமல் இருந்ததா? விளக்கு உரிய இடத்தில் உரிய நேரம் நின்றதா?

முதலில் இந்தப் பசை என்ன என்று பார்த்துவிடலாம். காம்போசிட்டின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு செராமிக்தான். மிக நுண்ணிய சிலிக்கா, கண்ணாடித் துகள்கள்; அவற்றைக் கட்டிப்பிடித்திருப்பது ஒரு பிசின். தொடக்க காலத்துக் காம்போசிட்டுகளில் அரைத்த குவார்ட்ஸையே போட்டார்கள். விருத்தாசலத்துத் தொழிற்கூடங்களில் களிமண்ணோடும் ஃபெல்ட்ஸ்பாரோடும் சேர்த்து அரைபடும் அதே குவார்ட்ஸ்தான். அது மகா கெட்டி. ஆகவே அடைப்புக்குப் பளபளப்பு வரவில்லை, எதிர்ப் பல்லையும் தேய்த்தது. பின்னாளில் பேரியம் கலந்த கண்ணாடித் துகள்கள் வந்தன. பேரியம் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் என்பதால் அடைப்பு எங்கே முடிகிறது, சொத்தை எங்கே தொடங்குகிறது என்று படத்தில் பிரித்துப் பார்க்க முடிந்தது. பிசினுக்கு வழி காட்டியவர் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய அமைப்பில் பணியாற்றிய ரஃபேல் போவன். அவருடைய பிஸ்-ஜிஎம்ஏ பிசினுக்கு 1962ல் காப்புரிமை கிடைத்தது. துகளும் பிசினும் தாமாக ஒட்டிக்கொள்ளாது. நடுவில் சிலேன் என்ற ரசாயனம் இருபுறமும் கைகொடுக்கிறது. பிசினில் கலந்திருக்கும் கேம்ஃபர்குவினோன் என்ற பொருள், ஏறத்தாழ 470 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி பட்டதும் விழித்துக்கொள்ள, தனித்தனியாக உலவிய மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொள்கின்றன. கோத்துக்கொள்ளும்போது நெருங்கி வருகின்றன. சுருக்கம் அங்கேதான் பிறக்கிறது.

இந்தச் சுருக்கம் எவ்வளவு தொல்லை கொடுக்கும் என்பது குழியின் வடிவத்தைப் பொறுத்தது. கடவாய்ப் பல்லின் மேற்பரப்பில் ஒரு பெட்டி மாதிரி குழி இருக்கிறதென்றால், பசை நான்கு சுவர்களையும் தரையையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. திறந்திருப்பது மேல்முகம் ஒன்றே. ஐந்து பக்கம் கட்டுண்டு ஒரு பக்கம் மட்டும் விடுபட்டிருக்கும் இந்த நிலையில், சுருங்கும் பசை எந்தச் சுவரையாவது இழுத்தாக வேண்டும். கட்டுண்ட பரப்புக்கும் விடுபட்ட பரப்புக்கும் உள்ள இந்த விகிதத்தை நெதர்லாந்து ஆய்வாளர் ஃபைல்சரும் அவருடைய சகாக்களும் 1987ல் கணக்காக்கிக் காட்டினார்கள். அடுக்கடுக்காக வைக்கும் முறைக்கு வலுவான நியாயம் அங்கே கிடைத்தது. ஒரேயடியாக நிரப்பாமல் 2 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு அடுக்கு, அதையும் ஒரு சுவரோடு சாய்த்து வைத்து விளக்கு, பிறகு எதிர்ச் சுவரோடு இன்னொரு அடுக்கு. ஒவ்வொரு அடுக்குக்கும் திறந்த பரப்பு அதிகம் கிடைப்பதால் இழுவை குறையும் என்பது தர்க்கம். சொல்லும்போதே சரியாகப் படுகிற தர்க்கம்தான். ஆனால் 1996ல் வெர்ஸ்லூயிஸும் உடன் பணியாற்றியவர்களும் கணினியில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, அடுக்கு முறையில் பல்லின் சுவர்கள் உள்நோக்கி வளைவது கூடுவதாகத் தெரிந்தது. ஒவ்வொரு அடுக்கும் சுவரைக் கொஞ்சம் இழுத்துவிடுகிறது. அடுத்த அடுக்கு, ஏற்கெனவே குறுகிய குழியை நிரப்புகிறது. கணினிக் கணக்கு வாயில் நடக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பது உண்மை. ஆனாலும் அடுக்கு முறையின் பெரிய ஆதாயம் சுருக்கத்தைக் குறைப்பதில் இருக்கிறது என்ற நம்பிக்கை அதோடு ஆட்டம் கண்டது. மிஞ்சியது இன்னொரு ஆதாயம். சாதாரணக் காம்போசிட்டில் 2 மில்லிமீட்டருக்குக் கீழே ஒளி சரியாக இறங்காது. அடுக்கடுக்காக வைத்தால் அடிவரை வேகும்.

பல்க் ஃபில் எனப்படும் புதிய வகை குறிவைத்ததும் அந்த ஆழத்தைத்தான். ஒளி ஊடுருவும் தன்மையைக் கூட்டி, இழுவையைத் தணிக்கும்படி பிசினை மாற்றி, 4 மில்லிமீட்டர் வரை ஒரே தடவையில் வைக்கலாம் என்று வந்த பசைகள் இவை. சோம்பேறிகளின் குறுக்குவழி என்று பழைய கை மருத்துவர்கள் சிலர் முகம் சுளிப்பதுண்டு. சான்று அவர்கள் பக்கம் இல்லை. ஸ்வீடனின் யான் வான் டைக்கனும் டென்மார்க்கின் உல்லா பாலசனும் ஒரே வாயில் ஒரு பல்லை அடுக்கு முறையிலும் இன்னொரு பல்லை பல்க் ஃபில் அடித்தளத்தோடும் அடைத்து, 6 ஆண்டு வரை தொடர்ந்து பார்த்தார்கள். குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆக, அடுக்கா மொத்தமா என்ற சண்டையில் இரண்டு தரப்பும் கிட்டத்தட்ட சமம். முன்பல்லில் நிறம் பார்த்து, உள்ளே மங்கலாகவும் வெளியே கண்ணாடித்தன்மையோடும் அடுக்கிக் கொடுப்பது வேறு கதை. அங்கே அடுக்குகள் அழகுக்காக. கடவாய்ப் பல்லில் அந்த அழகை யார் பார்க்கப்போகிறார்கள்?

வான் டைக்கன், பாலசன் இருவரின் இன்னொரு ஆய்வைத் தனியாகச் சொல்ல வேண்டும். பற்களுக்கு இடைப்பட்ட குழிகளில், பழைய தலைமுறைக் காம்போசிட்டுகள் மூன்றைக் கொண்டு அடைத்த அடைப்புகளை 30 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2015ல் முடிவை வெளியிட்டார்கள். நீல விளக்கே வேண்டாத, கலந்ததும் தானாக இறுகும் பசையும் அதில் இருந்தது. 30 ஆண்டு கழித்தும் 63 சதவீத அடைப்புகள் நின்றிருந்தன. ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் பழுதாகியிருந்தன. இன்றைய விளம்பரங்களின்படி பார்த்தால் அந்தப் பசைகள் அருங்காட்சியகச் சரக்கு. அவ்வளவு நாள் அவை நின்றதற்குப் பசையின் தலைமுறையைக் காரணம் சொல்ல முடியாது. கவனமான கை, நேரம், உலர்ந்த குழி ஆகியவற்றைத்தான் சொல்ல முடியும்.

உலர்வு ஏன் அவ்வளவு முக்கியம்? 1955ல் மைக்கேல் புவனகோர் எனாமலைப் பாஸ்பாரிக் அமிலத்தால் அரித்தால் அக்ரிலிக் பிசின் அதில் உறுதியாகப் பிடிக்கிறது என்று காட்டினார். இன்றைய ஒட்டுப் பல் மருத்துவம் முழுக்க அந்த ஒரு கட்டுரையிலிருந்து முளைத்தது. இப்போது 37 சதவீத அமில ஜெல்லைத் தடவி 15 நொடி, 30 நொடி வைத்துக் கழுவிக் காயவைத்தால், பளிங்காக மின்னிய எனாமல் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்து மங்கும். அந்த மங்கல் கண்ணுக்குத் தெரிந்தால் அரிப்பு பிடித்துவிட்டது என்று அர்த்தம். அதன் நுண்துளைகளில் பிசின் புகுந்து இறுகும். அடியிலிருக்கும் டென்டின் இவ்வளவு எளிதில் வசப்படாது. எனாமல் ஏறத்தாழ முழுக்கத் தாது. டென்டினிலோ கொலாஜன் நாரும் நீரும் நிறைய. அமிலம் தாதுவைக் கரைத்த பின் நார் மட்டும் வலைபோல நிற்கும். அதிகம் காயவைத்தால் வலை படுத்துவிடும். பிசின் புக இடமிருக்காது. ஈரம் மிஞ்சினாலோ பிசின் நீர்த்துவிடும். நாரும் பிசினும் பின்னிக்கொள்ளும் அந்தக் கலப்படுக்கை ஜப்பானின் நோபுவோ நாகபயாஷி 1982ல் விளக்கினார். இந்தச் சிக்கலைச் சுற்றிப் போகத்தான் அமிலத்தையும் பிசினையும் சேர்த்தே தடவும் செல்ஃப் எட்ச் ஒட்டுகள் வந்தன. டென்டினில் அவற்றால் கூச்சமும் தவறும் குறைவு. எனாமலில் பிடி கொஞ்சம் தளர்வு. எனாமல் ஓரத்துக்கு மட்டும் அமில ஜெல், உள்ளே செல்ஃப் எட்ச் என்ற கலப்பு முறைதான் இன்று நியாயமான தேர்வாக எனக்குப் படுகிறது. எந்த முறையானாலும், அரித்துக் காயவைத்த பரப்பில் ஒரு சொட்டு எச்சில் பட்டால் அதிலுள்ள புரதம் படலமாகப் படிந்துவிடும். ஈறிலிருந்து கசியும் ரத்தமும் அப்படியே. அப்போது திரும்பவும் கழுவி, திரும்பவும் அரித்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும். துடைத்துவிட்டு மேலே போகக் கூடாது.

பல்லை மட்டும் வெளியே நீட்டி வாயின் மற்றப் பகுதியை மூடும் ரப்பர் டேம் 1864ல் நியூயார்க்கின் சான்ஃபோர்ட் பார்னம் கண்ட உபாயம். மெல்லிய ரப்பர் தாளில் ஒரு துளை, பல்லைக் கவ்வ ஒரு கிளாம்ப், அவ்வளவுதான். பஞ்சுச் சுருளை மட்டும் வைப்பதோடு ஒப்பிட்டால் இதில் அடைப்பு அதிகம் நிற்கக்கூடும் என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு சொல்கிறது. ஆனால் சான்றின் உறுதி குறைவு என்பதையும் சேர்த்தே சொல்கிறது. மேலே சொன்ன ஸ்காண்டிநேவிய ஆய்வுகளில் பஞ்சுச் சுருளும் உறிஞ்சு குழாயுமே பயன்பட்டன; அடைப்புகள் நின்றன. ‘அப்படியானால் ரப்பர் டேம் வீண் ஆடம்பரம்தானே?’ என்று கேட்கலாம். அந்த ஆய்வுகளில் கைதேர்ந்த மருத்துவரும், உறிஞ்சு குழாயை நகரவிடாமல் பிடிக்க ஓர் உதவியாளரும் இருந்தார்கள். நம் தாலுகா ஊர் கிளினிக்குகள் பலவற்றில் எச்சில் குழாய் வாயோரத்தில் தானாகத் தொங்கிக்கொண்டிருக்கும். மருத்துவரின் இரண்டு கையும் வேலையில் இருக்கும். மூன்றாவது கை இல்லாத இடத்தில் அந்த ரப்பர் தாள்தான் மூன்றாவது கை.

விளக்குக்கு வருவோம். விளக்கின் ஒளித்திறன் காலப்போக்கில் குறையும். நுனிக் கண்ணாடியில் முந்தைய நோயாளிகளின் பசை தெறித்து இறுகி, மெல்லிய செதிலாக ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. அதை யாரும் சுரண்டாவிட்டால் ஒளியில் கணிசமான பங்கு அங்கேயே நின்றுவிடும். கடைசிக் கடவாய்ப் பல்லுக்கு நுனி நேராகப் போகாது. வாயை அகலத் திறக்க முடியாதவருக்குச் சாய்த்துத்தான் பிடிக்க வேண்டும். சாய்ந்தால் குழியின் ஒரு மூலை நிழலில் தங்கும். இதில் ஏமாற்று என்னவென்றால், மேல்பரப்பு சில நொடிகளிலேயே கல்லாகிவிடும். கருவியால் தட்டினால் டக்கென்று ஒலிக்கும். அடியிலோ அரைவேக்காடு. நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. ஓராண்டோ ஈராண்டோ கழித்துக் கூச்சம் எடுக்கும்போதுதான் தெரியும். ஒளியை அளக்கும் ரேடியோமீட்டர் கையடக்கமான கருவி. வாரம் ஒருமுறை அதில் காட்டிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். பல நாடுகளில் கிளினிக் விளக்குகளைச் சோதித்தபோது போதிய திறனில்லாத விளக்குகள் கணிசமாக அகப்பட்டன. ஆக, பல்க் ஃபில் பசை வாங்கிவைத்துக்கொண்டு பழைய விளக்கால் 10 நொடி காட்டுவது, சாதாரணப் பசையை அடுக்கி ஒவ்வொன்றுக்கும் 20 நொடி கொடுப்பதைவிட மோசம்.

இவ்வளவு தொல்லை எதற்கு, அந்தக் காலத்து வெள்ளி அடைப்பான அமால்கம் எச்சிலிலேயே வைத்தாலும் இருபது வருஷம் நிற்குமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தள்ளிவிடக்கூடிய ஆட்சேபம் இல்லை இது. லிஸ்பனில் காசா பியா பள்ளிகளின் சிறுவர் சிறுமியரிடம் நடந்த ஆய்வில் 7 ஆண்டு முடிவில் அமால்கம் அடைப்புகளில் 94.4 சதவீதமும் காம்போசிட்டில் 85.5 சதவீதமும் தாக்குப்பிடித்தன. காம்போசிட்டின் ஓரத்தில் மறுபடி சொத்தை வரும் அபாயம் 3.5 மடங்கு. காக்ரேன் தொகுப்பாய்வும் காம்போசிட் தோற்பது ஏறத்தாழ இரு மடங்கு என்கிறது. ஆனால் அந்த லிஸ்பன் முடிவுக்குள் போய்ப் பார்த்தால், வித்தியாசம் பெரிதாவது பெரிய குழிகளிலும் பல பக்கங்கள் போன பற்களிலும்தான். பசையின் ஓரம் ஈறுக்கு அருகே எனாமல் மெலிந்த இடத்தில் முடிவதும், ரத்தமும் எச்சிலும் அடங்க மறுப்பதும் அப்படிப்பட்ட குழிகளில்தானே? இன்னொரு பக்கம், 2014ல் ஒப்டாமும் சகாக்களும் 12 ஆய்வுகளைத் தொகுத்தபோது, கடவாய்ப் பல் காம்போசிட்டுகள் 10 ஆண்டு அளவில் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 சதவீதமே பழுதாயின. சொத்தை எளிதில் விழும் வாய்களில் பழுது இரு மடங்குக்கும் மேல். இனிப்பும் துலக்காமையும் தொடரும் வாயில் எந்த மருத்துவரின் நுணுக்கமும் பாதிக்குமேல் எடுபடாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

காம்போசிட் தந்த பெரிய லாபம் ஆயுளில் இல்லை, பல்லை மிச்சம் பிடிப்பதில் இருக்கிறது. அமால்கம் ஒட்டாது; அது விழாமல் நிற்க, நல்ல பல்லையும் வெட்டி உள்ளே அகன்ற குழி எடுக்க வேண்டும். பல் மருத்துவர் ஜி.வி. பிளாக் வகுத்த அந்தப் பழைய ஒழுங்கில், வருமுன் காப்பதாகச் சொல்லிச் சொத்தையில்லாத பள்ளங்களையும் சேர்த்தே வெட்டினார்கள். ஒட்டும் பசைக்கு அது வேண்டியதில்லை. சொத்தை போன இடம் மட்டும் போதும். அதிலும், நரம்புக்கு மிக அருகே இருக்கும் மெத்தென்ற டென்டினைச் சுரண்டி நரம்பைத் திறந்துவிடாமல், ஓரங்களைச் சுத்தமாக்கி உள்ளே கொஞ்சம் விட்டு நன்றாக மூடிவிடலாம் என்று 2016ல் சர்வதேச நிபுணர் குழு பரிந்துரைத்தது. மூடி இறுக்கமாக இருந்தால் உள்ளே உணவின்றிக் கிருமி முடங்கும். வேர் சிகிச்சைவரை போகாமல் தப்பும் பற்கள் இதனால் உண்டு. மூடி இறுக்கமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை மறுபடி நம்மை உலர்வுக்கே கொண்டுபோகிறது.

உலர்த்தவே முடியாத வாய்களும் உண்டு. அழுது திமிறும் குழந்தை, ஈறுக்குக் கீழே போன சொத்தை, மின்சாரமில்லாத பள்ளி முகாம். 2002-03ல் நடந்த தேசிய வாய்நல ஆய்வில் இந்தியாவின் 5 வயதுக் குழந்தைகளில் பாதிப் பேருக்கும் 15 வயதினரில் 63 சதவீதத்தினருக்கும் சொத்தை இருந்தது. இவர்கள் எல்லோருக்கும் ரப்பர் டேம் போட்டு அடுக்கடுக்காக வைப்போம் என்பது நடக்கிற காரியமா? இங்கே 1972ல் வில்சனும் கென்ட்டும் அறிமுகப்படுத்திய கிளாஸ் அயனோமர் சிமெண்ட் கைகொடுக்கிறது. ஈரத்தை ஓரளவு பொறுக்கும், டென்டினோடு தானாக ரசாயனப் பிணைப்புக் கொள்ளும், ஃபுளோரைடை மெல்லக் கசியவிடும். தேய்மானத்தில் காம்போசிட்டுக்கு ஈடில்லை. அதனால்தான் ஈறோரத்தில் இதை வைத்து மேலே காம்போசிட்டால் மூடும் சாண்ட்விச் முறை. 1980களில் தான்சானியாவில் யோ ஃப்ரெங்கன் கைக்கருவியால் மட்டும் சொத்தையைச் சுரண்டி சிமெண்டால் மூடும் முறையை வளர்த்தெடுத்தார். இன்று பள்ளி முகாம்களுக்கு அதுவே பொருத்தம். எச்சில் ஊறும் குழியில் வைத்த விலையுயர்ந்த காம்போசிட்டைவிட, அங்கே வைத்த கிளாஸ் அயனோமர் நேர்மையான வைத்தியம். அதை ‘ஏழைக்கு ஏற்ற அடைப்பு’ என்று தாழ்த்திப் பேசுவது சரியில்லை.

பிசினிலிருந்து பிஸ்பினால்-ஏ கசியுமே என்ற பயமும் சிலருக்கு உண்டு. முதல் சில மணி நேரத்தில் மிகச் சிறிய அளவு எச்சிலில் கலப்பதாக அளந்திருக்கிறார்கள். காற்றுப் பட்டு இறுகாமல் நிற்கும் மேல்படலத்தைத் துடைத்து, வாயைக் கொப்பளித்துத் துப்பினால் அது பெருமளவு குறையும். கர்ப்பிணிகள் அவசரமில்லாத அடைப்பைத் தள்ளிப்போடுவது தவறில்லை. மற்றவர்கள் இதற்காகச் சொத்தையை வளரவிடுவதுதான் தவறு.

கடினமான ஆட்சேபம் ஒன்று பாக்கி: நேரம். விருத்தாசலத்துக்காரர் சிதம்பரம் போய், அண்ணாமலை நகரில் 1980ல் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி என்ற பெயரில் தொடங்கிய கல்லூரியில் மாணவர் கையில் உட்கார்ந்தால், ஆசிரியர் ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்துக் கையெழுத்திட ஒரே பல்லுக்கு ஒரு முழுக் காலைகூடப் போகலாம். தனியார் கிளினிக்கில் அடைப்புக்குக் கட்டணம், நேரத்துக்கு இல்லை. வரிசை நீண்ட அரசு மருத்துவமனையில் மருத்துவர் நினைத்தாலும் நேரம் கொடுக்க முடியாது. இதற்கிடையே அமால்கம் விடைபெறுகிறது. அதில் பாதி எடை பாதரசம். பாதரசத்தைக் குறைக்கும் மினமாட்டா ஒப்பந்தத்தில் இந்தியா 2018ல் இணைந்தது. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் அமால்கத்தைத் தவிர்க்க 2022ல் உறுப்பு நாடுகள் முடிவெடுத்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2025 தொடக்கத்திலிருந்து நிறுத்திவிட்டது. 2034க்குள் உலகெங்கும் அமால்கம் அடைப்பை முடித்துக்கொள்வதென்று 2025 நவம்பரில் ஜெனீவாவில் முடிவாயிற்று. எச்சிலைப் பொறுத்துக்கொண்ட ஒரு பொருளின் இடத்தில், எச்சிலைச் சற்றும் பொறுக்காத ஒரு பொருள் வந்து உட்காரப்போகிறது. இதற்குத் தாலுகா மருத்துவமனைகளைத் தயார்செய்யும்போது காம்போசிட் சிரிஞ்சுகளின் கொள்முதல் பட்டியலோடு நிறுத்திக்கொண்டால், லிஸ்பன் கணக்கைவிட மோசமான கணக்குதான் நமக்குக் கிடைக்கும். நாற்காலி ஒன்றுக்கு உறிஞ்சு குழாய் பிடிக்க ஓர் உதவியாளர், ரப்பர் டேம் பெட்டி, ரேடியோமீட்டர், ஒரு பல்லுக்கு முக்கால் மணி நேரம் என்று நியமன உத்தரவிலும் பணி நேரப் பட்டியலிலும் எழுதவேண்டியவற்றை எழுத 2034 வரை அவகாசம் இருக்கிறது.